சுவரில்லாத வகுப்பில் ஒழுங்கு



பள்ளிக்கூடம் என்று சொன்னவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது நான்கு சுவர்கள், ஒரு கரும்பலகை, வரிசையாக இட்ட பலகைகள், மணியோசை ஆகியவையே. இவற்றுள் சுவர்களை மட்டும் எடுத்துவிட்டால் வகுப்பு என்னாகும்? ஆசிரியரின் பார்வைக்கு அப்பால், ஒவ்வொரு மாணவனும் தத்தம் வீட்டில் அமர்ந்திருக்க, பாடம் நடத்த இயலுமா? நடத்தினாலும் அவ்வகுப்பில் ஒழுங்கு நிற்குமா? 2020-ஆம் ஆண்டில் உலகமெங்கும் எழுந்த வினா இது. நெய்வேலியில் வரலாற்று ஆசிரியனாகப் பணியாற்றிய எனக்கும் அவ்வாண்டில் இவ்வினாவை எதிர்கொள்ளும் நிலை வந்தது. அப்போது நான் செய்த பிழை ஒன்றையும், அப்பிழையைத் திருத்திக்கொள்ள வரலாறு எனக்குத் துணைநின்ற விதத்தையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிச் சில சொற்கள். நெய்வேலி பழுப்பு நிலக்கரியால் பிறந்த நகரம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் ஒன்று நீரோடு கலந்து வெளிவந்தது என்பது இவ்வூர்ப் பெரியோர் சொல்லும் வரலாறு. 1956 நவம்பர் 14 அன்று நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் முதல் நிலக்கரி கண்ணிற்பட்டது. மறு ஆண்டே மின்சாரம் பிறந்தது. சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் தம் நிலத்தைக் கொடுத்து அகன்ற இடத்தில், வட்டம் வட்டமாகப் பிரித்து, நேர்கோடாகச் சாலைகள் அமைத்து, நிழல் மரங்கள் நட்டு, பள்ளிகளும் மருத்துவமனையும் கொண்ட ஒரு நகரியம் எழுந்தது.

இச்சுரங்கத்தைத் தோண்டியவர்களுக்குப் பெரிய இடையூறாக இருந்தது நீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே, மிகுந்த அழுத்தத்தோடு நீர் அடைபட்டுக் கிடக்கிறது. மேலிருக்கும் மண்ணையும் கரியையும் அகற்றும்போது, அந்நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலெழக்கூடும். ஆகவே, சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகளை அமைத்து, இரவும் பகலும் நீரை இறைத்து, அழுத்தத்தைக் குறைத்த பின்னரே கரியை வெட்டுகின்றனர். அடைத்து வைப்பதால் அந்நீர் அடங்குவதில்லை. அதற்கு ஒரு வழி கொடுத்தால்தான் சுரங்கம் நிற்கும். பன்முறை மாணவர்களுக்கு நான் விளக்கிய செய்திதான் இது. ஆயினும் அதன் உட்பொருளை என் வகுப்பிலேயே உணர எனக்கு நெடுநாள் ஆயிற்று.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

வகுப்பில் எப்போது பேசுவது, எப்போது கேட்பது என்பது பற்றித் தமிழர் தொன்றுதொட்டே சிந்தித்து வந்துள்ளனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் ஓர் இலக்கண நூல். அதன் பாயிரமோ இலக்கணத்தைத் தொடங்குமுன் ஆசிரியர் யார், மாணவர் யார், பாடம் சொல்லும் முறை யாது, கேட்கும் முறை யாது என்பனவற்றை விரிவாகப் பேசுகிறது. மாணவன் காலமறிந்து செல்ல வேண்டும். ஆசிரியரின் குறிப்பறிந்து நடக்க வேண்டும். அமரச் சொன்ன பின் அமர வேண்டும். சொல்லச் சொன்ன பின் சொல்ல வேண்டும். இப்பகுதியை மட்டும் படிப்பவர், மாணவனின் வாயை அடைப்பதே பண்டையோர் கருத்து என்று எண்ணக்கூடும். ஆனால் அப்பாயிரமே மற்றொன்றையும் சொல்கிறது. ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொண்டவனுக்கும் கல்வியில் கால்பங்கே கைவரும். மற்றொரு கால்பங்கு உடன் பயில்வாரோடு பழகுவதால் வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் வரும் என்பது அதன் கணக்கு. அஃதாவது, நான்கில் ஒரு பங்கே ஆசிரியரின் வாயிலிருந்து கிடைக்கிறது. மூன்று பங்கு மாணவர்களின் வாயிலிருந்தே பிறக்கிறது. இக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இக்கணக்கை நடைமுறையில் கண்டவை. அங்கே ஆசிரியர் ஒருவரே. பிள்ளைகளோ பல வயதினர், பல படியினர். எல்லாரையும் ஒருவர் கவனிப்பது அரிதாகையால், மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். மணலில் விரலால் எழுதினர். ஒருவன் உரக்கச் சொல்ல மற்றவர் திரும்பச் சொல்லினர். வழியே செல்பவருக்கு அது பேரிரைச்சலாகத் தோன்றியிருக்கும். அவ்விரைச்சலுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது.

சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ, நாட்டுக் கல்வியின் நிலையை அறிய 1822-இல் மாவட்டக் கலெக்டர்களிடமிருந்து அறிக்கை கேட்டார். அவ்வறிக்கைகளின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன என்று 1826-இல் அவர் எழுதினார். அவ்வறிக்கைகளுள் பெல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823-இல் எழுதியது சுவையானது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் கலைமகளின் பெயரை எழுதுவராம், இரண்டாமவன் கையில் ஒரு சுழி, மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் வருவோர்க்கு ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும். நேரம் தவறாமையைக் கற்பிக்க அக்காலத்தார் கண்ட வழி இது. அடியை நாம் இன்று ஏற்பதில்லை. சட்டமும் அதைத் தடுத்துவிட்டது. எனினும் முதலில் வந்தவனைப் பெருமைப்படுத்திய அந்த ஓர் எழுத்தை மறக்க வேண்டுவதில்லை. மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அவ்வறிக்கை பாராட்டுகிறது. இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்றும் கூறுகிறது.

இங்கிலாந்து பின்பற்றிய கதை என்ன? 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் நடத்திவந்தார். சென்னைக்கு அருகே நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதைப் புகுத்த முனைந்தார். அவருக்குக் கீழிருந்த ஆசிரியர்கள் அதற்கு உடன்படவில்லை. அவர் ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். சிறுவன் வென்றான். அம்முறையை விளக்கி 1797-இல் இலண்டனில் பெல் ஒரு நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பொருளால் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே பெயர்.

பெல்லின் பள்ளியில் ஒழுங்கு காக்க ஓர் ஏடு இருந்தது. பிள்ளைகளின் குற்றங்கள் அதில் பதிவாகும். வாரத்துக்கு ஒருமுறை அந்த ஏடு எல்லார் முன்னிலையிலும் விரிக்கப்படும். மாணவர்களே நடுவர்களாக அமர்ந்து குற்றத்தை ஆராய்வர். தம்மையொத்த பிள்ளைகள் சொல்லும் தீர்ப்புக்குப் பிள்ளைகள் மதிப்பளித்தனர்.

ஏறத்தாழ அதே காலத்தில் இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இத்தகைய பள்ளியை நடத்தினார். ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். ஆசிரியரின் குரல் கடைசி வரிசைக்கு எட்டாது. ஆகையால் அவர் உயரமான ஒரு சட்டத்தில் எழுத்துகளைப் பொருத்தி, அவற்றைத் திருப்பிக் காட்டியே கட்டளை இட்டார். ஓர் எழுத்தைக் கண்டால் பிள்ளைகள் அனைவரும் முன்பக்கம் திரும்புவர். மற்றொன்றைக் கண்டால் சிலேட்டைத் தூக்கிக் காட்டுவர். இன்று கணினித் திரையில் 'கை தூக்கு' என்று ஒரு சிறு படத்தை அழுத்துகிறீர்களே, அதன் பாட்டனார் இந்தச் சட்டம்தான். ஆனால் லங்காஸ்டரின் பள்ளிக்கு இருண்ட பக்கமும் உண்டு. ஓயாது பேசும் பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைப் பூட்டினர். சில பிள்ளைகளைக் கூடையில் இட்டு மேல்முகட்டில் தொங்கவிட்டனர். அடிப்பதைத் தவிர்க்க எண்ணியவரே பிள்ளைகளை இவ்வாறு நாணச் செய்தார். ஒரே விதமான இரு பள்ளிகள். ஒன்றில் மாணவர் நடுவராயினர், மற்றொன்றில் கழுத்தில் கட்டை ஏறிற்று. கருவி ஒன்றாயினும் அதைக் கையாளும் மனமே வேறுபாட்டைச் செய்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் வானொலி வந்தது. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. பள்ளிகளுக்கான ஒலிபரப்பும் தோன்றியது. குரல் ஆயிரம் ஊர்களுக்குச் சென்றது. ஆனால் எந்த ஊரிலிருந்தும் குரல் திரும்பி வரவில்லை. இக்குறையை நீக்க இரு முயற்சிகள் நிகழ்ந்தன.

முதலாவது, ஆஸ்திரேலியாவில். அந்நாட்டின் நடுப்பகுதியில் ஒரு வீட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் இடையே பல மைல்கள் உண்டு. பள்ளிக்குச் செல்ல வழியில்லை. காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் வானொலிக் கருவியை 1929-இல் ஆல்பிரட் டிரேகர் செய்திருந்தார்; பறக்கும் மருத்துவர் பணிக்கு அது பயன்பட்டது. பள்ளி ஆய்வாளராக இருந்த ஆதிலெய்டு மீத்கே என்னும் அம்மையார், அக்கருவி வழியே பாடம் நடத்தலாம் என்று கண்டார். 1951 ஜூன் 8 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 'வான்வழிப் பள்ளி' தொடங்கிற்று. முதலில் ஆசிரியர் பேசினார், பிள்ளைகள் கேட்டனர். விரைவிலேயே பாடத்தின் முடிவில் வினாவிடை நேரம் சேர்க்கப்பட்டது. ஒரு நேரத்தில் ஒருவரே பேசக் கூடிய கருவி அது. ஆகவே பிள்ளை தன் முறை வரும்வரை காத்திருந்து, பேசி முடித்ததும் முடிந்தது என்று அறிவிக்க, அடுத்தவர் பேசுவார். காத்திருப்பதும், சுருங்கச் சொல்வதும், பிறர் பேசுகையில் குறுக்கிடாமையும் அப்பிள்ளைகளுக்குப் பழக்கமாயின. ஆசிரியரின் முகத்தைப் பாராமலே வகுப்பு ஒழுங்காக நடந்தது.

இரண்டாவது, நம் நாட்டில். 1956-இல் புனாப் பகுதியில் யுனெஸ்கோவின் துணையுடன் நம் வானொலி நிலையம் ஒரு சோதனை நடத்தியது. 150 கிராமங்களில் உழவர் மன்றங்கள் அமைந்தன. ஒவ்வொன்றிலும் இருபது பேர் அளவில் கூடி, ஒலிபரப்பைக் கேட்டு, கேட்டதைப் பற்றித் தமக்குள் விவாதித்து, தம் வினாக்களை நிலையத்திற்கு அனுப்பினர். அவ்வினாக்களுக்குப் பின்வரும் ஒலிபரப்பில் விடை கிடைத்தது. அம்முயற்சியின் பயன் கண்டு, 1959 முதல் அதனை நாடெங்கும் விரிவுபடுத்தினர். நன்னூல் சொன்ன 'உடன் பயில்வார்' பங்கை அம்மன்றங்கள் மீட்டுத் தந்தன என்றே சொல்லலாம்.

பின்னர், அஞ்சல்வழிக் கல்வியும் தொலைக்காட்சியும் வந்தன. எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள சிதம்பரத்தில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1979-இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கிற்று. 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கெனவே 'எஜுசாட்' என்னும் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டு 26 அன்று கல்வித் தொலைக்காட்சி மலர்ந்தது. ஆயினும் இவையெல்லாம் பள்ளிக்குத் துணையாக வந்தவை. பள்ளியே மூடிக்கிடக்க, இவையே பள்ளியாக நிற்க வேண்டிய நாள் 2020-இல்தான் வந்தது.

2020 மார்ச்சு 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு. பள்ளிகள் மூடின. ஆனால் மின்சாரம் நிற்கலாகாதன்றோ? எங்கள் ஊரில் தந்தையர் ஷிப்டுக்குச் சென்றவண்ணம் இருந்தனர். அவ்வாண்டு மே 7, ஜூலை 1 ஆகிய நாட்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நேர்ந்து தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நோயச்சம் ஒரு பக்கம், இத்துயரம் ஒரு பக்கம் என்ற நிலையில்தான் எங்கள் பிள்ளைகள் கைப்பேசியின் முன் அமர்ந்தனர்.

பத்தாம் வகுப்பில் நாற்பது மாணவர்களுக்கு நான் இணையவழியே வரலாறு நடத்தினேன். முதல் வாரம் சந்தைக்கடைதான். ஒரு வீட்டில் குக்கர் சீறும். மற்றொரு வீட்டில் நாய் குரைக்கும். நான் வினாக் கேட்டால் மாணவனுக்குப் பதிலாக அவன் அம்மா மெல்லிய குரலில் விடை சொல்லிக்கொடுப்பார். யாரோ ஒருவன் திரைப்படப் பாட்டை ஒலிக்கவிடுவான். ஒருவன் தன் பெயரை நடிகர் ஒருவரின் பெயராக மாற்றிக்கொண்டு வந்தான். நான் காட்டிய இந்திய வரைபடத்தின்மேல் எவனோ ஒருவன் மீசை வரைந்தான். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் ஒரு பார்வையாலேயே அமைதியைக் கொண்டுவந்தவன் நான். அப்பார்வை இங்கே எவர் மீதும் விழவில்லை.

அப்போது 'மியூட்' என்னும் பொத்தானை எனக்குக் காட்டினார்கள். அதை அழுத்தினால் நாற்பது வாய்களும் ஒருங்கே அடைபட்டன. ஆகா, என்ன அமைதி! நான் தடையின்றிப் பேசினேன். நாற்பது நிமிடங்களும் என் குரலே ஒலித்தது. ஒழுங்கை நிலைநாட்டிவிட்டதாக எண்ணி மகிழ்ந்தேன். வருகைப் பதிவின்போது மட்டும் பெயர் சொன்னவர் வாய் திறந்து விடை சொல்ல வேண்டும் என்பது நான் வகுத்த விதி.

அவ்வகுப்பில் ஒரு மாணவன் அவ்விதிக்கு உட்படவில்லை. அவன் முந்திய ஆண்டு என்னிடம் பயின்றவன் அல்லன். அவன் முகமும் எனக்குத் தெரியாது, குரலும் தெரியாது. காமிராவைத் திறக்கமாட்டான், பெயரை அழைத்தால் பேசமாட்டான். 'உள்ளேன் ஐயா' என்று எழுதி மட்டும் அனுப்புவான். இது திமிர் என்று நான் முடிவு செய்தேன். மூன்று நாட்கள் தொடர்ந்து அவனை வகுப்பிலிருந்து வெளியேற்றினேன். வகுப்பறையில் ஒருவனை வெளியே நிறுத்தினால், கதவருகே அவன் நிற்பது தெரியும். நம் மனம் இளகும். இங்கே ஒரு விரல் அசைவில் அவன் மறைந்துவிடுகிறான். இளகுவதற்கு நமக்கு வாய்ப்பே இல்லை.

சில நாட்களுக்குப் பின், பயிற்சித் தாள்களை வாங்கிச் செல்லப் பெற்றோர்கள் பள்ளிக்கு வந்தனர். முகக்கவசம் அணிந்த ஒருவர் ஒதுங்கி நின்று, கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்தார். இரவு விழித்த கண்கள். ஒப்பந்தத் தொழிலாளர், நகரியத்திற்கு வெளியே ஒற்றை அறை வீட்டில் குடியிருப்பவர்.

"சார், பையன் பேரில் கோபப்படாதீர்கள். எனக்கு இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் பகலில்தான் தூக்கம். இருப்பது ஓர் அறை, ஒரு போன். நான் விழித்துக்கொள்வேன் என்று அவன் வாயைத் திறப்பதில்லை. நான் படுத்துக்கிடப்பது தெரியும் என்று படத்தையும் திறப்பதில்லை. நேற்றுத்தான் அவன் அம்மா எனக்குச் சொன்னாள்" என்றார்.

சொல்லிவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் நான் வகுப்பில் கேட்ட வினாக்களும், அவற்றுக்கு அவன் எழுதிய விடைகளும் வரிசையாக இருந்தன. மற்றவர்கள் வாயடைபட்டிருந்த நேரத்தில், என் வினாக்களுக்கு விடை தந்துகொண்டிருந்தவன் அவன். மூன்று பக்கங்களில் மட்டும் நாளும் பாடத்தலைப்பும் இருந்தன. கீழே ஒன்றும் இல்லை. அவை நான் அவனை வெளியேற்றிய நாட்கள்.

நான் அந்தத் தந்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரோ, "ஐயோ, நீங்கள் போய்க் கேட்கலாமா சார்?" என்று பதறினார். அது என்னை மேலும் வருத்தியது.

அன்றிரவு நன்னூலின் கணக்கு என் நினைவுக்கு வந்தது. நான்கில் மூன்று பங்கை ஒரு பொத்தானால் அடைத்துவிட்டு, எஞ்சிய கால்பங்கை நானே பேசித் தீர்த்திருக்கிறேன். லங்காஸ்டரின் மரக்கட்டையை நாற்பது கழுத்துகளில் பூட்டியிருக்கிறேன். அது கண்ணுக்குத் தெரியாத கட்டை என்பதுதான் வேறுபாடு. அமைதி வேறு, ஒழுங்கு வேறு. அடைபட்ட நீர் எங்கே போயிற்று என்று பார்த்தேன். எனக்குத் தெரியாமல் மாணவர்கள் தமக்கெனத் தனிக்குழு ஒன்று அமைத்து, என் வகுப்பு நடக்கும்போதே அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். சுரங்கத்தின் தரை பிளந்துதான் இருந்தது.

மறுநாள் வகுப்பைத் தொடங்கும்போது பாடம் நடத்தவில்லை. நடந்ததை, அம்மாணவனின் பெயரைச் சொல்லாமல், என் பிழையாகவே எடுத்துரைத்தேன். பிறகு, "நம் வகுப்புக்கு விதிகள் வேண்டும், நீங்களே சொல்லுங்கள்" என்றேன். ஒரு மணி நேரம் பேச்சும் எழுத்துமாகக் கழிந்தது. இறுதியில் சில விதிகள் உருவாயின.

பேச முடிந்தவர் பேசலாம், முடியாதவர் எழுதலாம், இரண்டும் ஒரே மதிப்புடையவை. காமிராவைத் திறப்பது அவரவர் விருப்பம். ஒருவர் பேசும்போது மற்றவர் தம் ஒலியைத் தாமே அடைத்துக்கொள்ள வேண்டும்; ஆசிரியர் அடைக்க வேண்டியதில்லை. நாளுக்கு ஒருவர் சட்டாம்பிள்ளையாக இருந்து, எழுதி வரும் வினாக்களைத் திரட்டிக் கடைசிப் பத்து நிமிடங்களில் படிக்க வேண்டும். வாரத்தில் ஒருநாள், முந்தின பாடத்தை மாணவர் ஒருவரே நடத்த வேண்டும். பிறரைக் கேலி செய்து எழுதினால் வெள்ளிக்கிழமை எல்லாருமாக அதைப் பேசித் தீர்க்க வேண்டும். எழும்பூர் விடுதியின் ஏட்டை நான் சொல்லித்தான் அவர்கள் அறிந்தார்கள். ஆனால் அதை மிக விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டார்கள்.

முதல் வெள்ளிக்கிழமையிலேயே வரைபடத்திற்கு மீசை வைத்தவன் தானே முன்வந்து ஒப்புக்கொண்டான். என்ன செய்வது என்று அவர்களையே கேட்டேன். வகுப்புக்குள் வருவோரின் பெயர்களைச் சரிபார்த்து அனுமதிக்கும் காவல் வேலையை அவனுக்கே கொடுக்கலாம் என்று ஒரு மாணவி சொன்னாள். அதன்பின் நடிகர்கள் எவரும் எங்கள் வகுப்புக்கு வரவில்லை!

இத்தகைய வகுப்புகளுக்கு அரசும் வரையறை செய்தது. 2020 ஜூலையில் நடுவண் அரசு வெளியிட்ட நெறிமுறைகள், முதல் எட்டு வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் வரையிலான பாடவேளை இரண்டுக்கு மேலும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளுக்கு நான்குக்கு மேலும் கூடாது என்றன. 2021 மே மாதத்தில், மாணவியரிடம் முறைதவறி நடந்ததாக எழுந்த புகார்களையடுத்து, தமிழ்நாடு அரசு மற்றொரு கட்டளை பிறப்பித்தது. இணையவழி வகுப்புகள் முழுவதும் பதிவு செய்யப்பட வேண்டும். பள்ளி நிருவாகத்தினரும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினரும் அவற்றை ஆராய வேண்டும். வகுப்புக்குரிய கண்ணியமான உடையில் அனைவரும் தோன்ற வேண்டும் என்பது அது. ஒழுங்கு என்பது மாணவர்க்கு மட்டும் உரிய கடமை அன்று. ஆசிரியர்க்கும் அது உண்டு என்பதை அக்கட்டளை நினைவூட்டிற்று. திரைக்கு அப்பால் இருப்பவர் எவராயினும், அவரால் உங்களுக்குத் தீங்கு நேருமானால், வாய்மூடி இருப்பது ஒழுங்காகாது. பெற்றோரிடமோ, நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ, 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணிலோ தயங்காமல் சொல்ல வேண்டும்.

எங்கள் முறை எல்லாவற்றையும் வென்றது என்று நான் சொல்லமாட்டேன். 2021 ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளிகள் திறந்தன. நாற்பது பேர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இடங்கள் வெறுமையாக இருந்தன. இருவரும் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவர்களுள் ஒருவன், வகுப்புக்கு வரும்போதெல்லாம் பாதியில் மறைந்துவிடுவான். கைப்பேசியில் பணம் தீர்ந்துபோகிறது போலும் என்று எண்ணி விட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டும். ஒருவனின் மௌனத்திற்குப் பொருள் கண்ட நான், மற்றொருவனின் மௌனத்திற்குக் காணத் தவறிவிட்டேன். இதையும் உங்களிடம் மறைப்பதற்கில்லை.

அன்று வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களைப் படித்தேன். அந்த மாணவனின் பெயர் வந்தது. பின்வரிசையில் மெலிந்த உருவம் ஒன்று எழுந்து நின்று, வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி, "உள்ளேன் ஐயா!" என்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏழு மாதம் அவனுக்கு ஆசிரியனாக இருந்தும், அவன் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

நண்பர்களே, திண்ணையின் மணலும், லங்காஸ்டரின் எழுத்துச் சட்டமும், வான்வழிப் பள்ளியின் மிதிகருவியும், இன்றைய கைப்பேசித் திரையும் காலந்தோறும் மாறிவந்த கருவிகள். நாளை வேறொன்று வரும். அது எதுவாயினும், அதில் உங்களுக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தால், உங்கள் முறை வரும்வரை காத்திருந்து, தெளிவாகவும் சுருக்கமாகவும் பேசுங்கள். பிறர் பேசும்போது செவி கொடுங்கள். உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள். அப்போது உங்கள் வகுப்பில் ஒருவன் பேசாமல் இருந்தால், வெளியேற்றும் பொத்தானைத் தேடுமுன் அவன் வீட்டில் யார் உறங்கிக்கொண்டிருக்கிறார் என்று கேளுங்கள்.